ஐம்பதுக்கு மேல் டென்னிஸ்: ‘பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம் போனால் ஒரு சிமென்ட் கோர்ட் வரும். காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே ஆறேழு பெண்கள் இருப்போம். எங்களில் இளையவருக்கு 48 வயது, மூத்த அக்காவுக்கு 67. வடசென்னை என்றால் பாக்ஸிங், ஃபுட்பால், கேரம் என்றுதான் ஊரே சொல்லும். டென்னிஸ் என்பது நுங்கம்பாக்கத்துக்காரர்கள் ஆடுவது என்று நாங்களும் நினைத்திருந்தோம். நான் முதன்முதலில் ராக்கெட்டைக் கையில் எடுத்தபோது எனக்கு 53 வயது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஆசையாக வந்து, இரண்டே மாதத்தில் நின்றுபோனதைப் பார்த்துவிட்டேன். ஆட்டம் பிடிக்காமல் யாரும் நிற்கவில்லை. முழங்கை வலி, கணுக்கால் சுளுக்கு, வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு தொந்தரவு, இப்படித்தான் நின்றார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பழக்கத்தில் போய் முடியும்: இருப்பதை வைத்துச் சமாளிப்பது. வீட்டில் நமக்கு அது கைவந்த கலை. கோர்ட்டில் அதுதான் உடம்பைக் கெடுக்கிறது.

முதலில் ராக்கெட். மகன் காலேஜில் ஆடியது பரணில் கிடக்கும்; அதைத் தட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அது பெரும்பாலும் 300 கிராமுக்கு மேல் கனமாக, பிடி தடிமனாக, நரம்பு (ஸ்ட்ரிங்) விறைப்பாக இருக்கும். நமக்கு 260 முதல் 285 கிராம் வரை எடையும், 100 சதுர அங்குலமோ கொஞ்சம் கூடுதலாகவோ தலைப்பகுதியும் இருந்தால் போதும். பிடியைச் சரிபார்ப்பது சுலபம். ராக்கெட்டை இயல்பாகப் பிடியுங்கள். விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவே இல்லை என்றால் பிடி சிறியது. விரலைவிட இடைவெளி பெரிதாக இருந்தால் பிடி தடிமன். நரம்பு கட்டும் கடையில் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள், அடியின் அதிர்வு கைக்குக் குறைவாக வரும்.

பந்திலும் ஒரு பொறி இருக்கிறது. நம் தெருக்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் ‘ஹார்டு டென்னிஸ் பால்’ மூலைக்கு மூலை கிடைக்கும், விலையும் குறைவு. அது கிரிக்கெட்டுக்காகவே கனமாகச் செய்தது. அதை நூறு முறை அடித்தால் முழங்கை பதில் சொல்லும். புதிதாகக் கற்பவர்கள் பச்சைப் புள்ளி போட்ட பந்தைக் கேட்டு வாங்குங்கள். அது வழக்கமான பந்தைவிடச் சுமார் 25 சதவீதம் மெதுவாக வரும். ஆரஞ்சு இன்னும் மெதுவு. சின்னப் பிள்ளைகளின் பந்து என்று வெட்கப்பட வேண்டாம். பந்து மெதுவாக வந்தால்தான் காலை நகர்த்தி நின்று அடிக்க நேரம் கிடைக்கும்.

முழங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே வந்தது. முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து சேரும் தசைநாரில் வருவதைத்தான் ‘டென்னிஸ் எல்போ’ என்கிறார்கள். டென்னிஸே ஆடாத பெண்களுக்கும் வரும். நம் கை ஏற்கெனவே என்ன பாடு படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்: அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறோம், குடம் தூக்குகிறோம், ஈரப் புடவையை முறுக்கிப் பிழிகிறோம், சப்பாத்தி மாவைப் பிசைகிறோம். அதே தசைநாரை வைத்துத்தான் பேக்ஹேண்டும் (புறங்கை முன்னே வரும்படி அடிக்கும் அடி) அடிக்கிறோம். பந்து உடம்பைத் தாண்டிப் போன பிறகு மணிக்கட்டை மட்டும் சுழற்றி அடித்தால், அதிர்ச்சி முழுவதும் அந்த ஒரு இடத்தில் இறங்கும். எனக்குக் கோர்ட்டில் வலிக்கவே இல்லை. வீட்டில் காபி டவராவைத் தூக்கும்போதுதான் சுரீர் என்றது. சரியாகிவிடும் என்று ஐந்து வாரம் பொறுத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு நாலு மாதம் ராக்கெட்டைத் தொட முடியவில்லை. டவராவில் தெரியும் அந்த முதல் சுரீரிலேயே ஆட்டத்தைக் குறையுங்கள். பேக்ஹேண்டை இரண்டு கையால் அடியுங்கள். ராக்கெட்டை இறுக்கி நெரிக்காமல் தோசைக் கரண்டியைப் பிடிக்கிற அளவுக்குப் பிடியுங்கள். துணி பிழியும் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள். அரைக் கிலோ எடையைக் கையில் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

செருப்போடு யாரும் வருவதில்லை. ஆனால் வாக்கிங் ஷூவோடு வருகிறார்கள். அது முன்னோக்கி நடக்கச் செய்தது. குதிகால் உயரம், பக்கவாட்டில் பிடிமானம் இல்லை. டென்னிஸில் பாதி ஓட்டம் பக்கவாட்டில்தான். டென்னிஸ் ஷூ என்று கேட்டு வாங்குங்கள். ராக்கெட்டில் காசை மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

இப்போது கூச்சப்படும் விஷயம். குதித்தாலோ, ஓங்கி சர்வீஸ் போட்டாலோ, தும்மினாலோ சிறுநீர் கசிகிறது. பிள்ளை பெற்றவர்களிலும், மாதவிடாய் நின்றவர்களிலும் இது மிகச் சாதாரணம். இதை மறைக்க நாம் செய்வதுதான் ஆபத்து. முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். கிரவுண்டில் டாய்லெட் பூட்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, அதனால் உடம்புச் சூடும் இறங்காது. பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் பிரிய வைப்பவை. இத்தனைக்கும் மேலே தண்ணீரும் குடிக்காமல் ஏப்ரல் மாதத்தில் ஆடினால் தலைசுற்றிக் கீழே விழாமல் என்ன செய்யும்? சிறுநீர்ப் பாதையைச் சுற்றி இருக்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் பலருக்கு மூன்று மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். மகப்பேறு மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை நாப்கின் வைத்துக்கொண்டு ஆடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். டாய்லெட் சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்கள் அக்கா நாலு நாள் தொடர்ந்து போய்க் கேட்டார். இப்போது ஒரு சாவி அவர் பையில் இருக்கிறது.

சுகர் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒரு காபியோடு வந்துவிடுவது அடுத்த தவறு. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆட்டத்தின் நடுவே சுகர் திடீரென்று இறங்கலாம். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், கண் மங்கும். மற்றவர்கள் அதைக் களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். உங்களுக்கு சுகர் என்று கூட ஆடுபவர்களிடம் சொல்லிவையுங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு அழுத்தமோ, நடந்தாலே மூச்சு வாங்குவதோ இருந்தால் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே அவரைப் பார்த்தாக வேண்டும்.

டென்னிஸ் ஆடினால் போதும், வேறு உடற்பயிற்சி வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. கோபன்ஹேகனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 25 ஆண்டுகள் வரை கவனித்த ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கிட்டார்கள். ஓடுபவர்களுக்கு அது 3.2 ஆண்டுதான். இதைக் கேட்டதும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டென்னிஸ்தான் ஆயுளைக் கூட்டியது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆடுபவர்கள் ஏற்கெனவே வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். எலும்பு விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக மெலிகிறது. காலூன்றி ஓடுவதும் பந்தை அடிப்பதும் எலும்புக்கு வேலை கொடுக்கின்றன. பல வருடம் ஆடியவர்களுக்கு ஆடும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். ஆனால் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலு இல்லாமல் ஆடினால், எலும்பு வலுப்பதற்கு முன்னால் கெண்டைக்கால் தசை கிழியும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது இப்படிப்பட்ட வலுவும் சமநிலையும் தரும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

விழுவதைப் பற்றிச் சில விஷயங்கள். தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்காதீர்கள். மணிக்கட்டு எலும்பு முறிவது அங்கேதான். உடம்பைத் திருப்பிவிட்டு ஓடுங்கள், முடியாவிட்டால் அந்தப் பாயிண்ட் போகட்டும். கீழே கிடக்கும் பந்துகளை ஓரம் தள்ளாமல் அடுத்த பந்தைப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோர்ட் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் கோட்டில் வழுக்கும். போகி அன்று காலையில் புகைக்கு நடுவே ஆட வேண்டவே வேண்டாம்.

சிங்கிள்ஸ்தான் உண்மையான டென்னிஸ், டபுள்ஸ் ஆடினால் இளப்பம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரதிலோவா 2006-இல் அமெரிக்க ஓப்பனில் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றபோது அவருக்கு 50 வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி. டபுள்ஸில் ஓட வேண்டிய இடம் பாதியாகும், பேச ஆளும் கிடைக்கும். எங்கள் அக்காவுக்காக அவர் பக்கம் மட்டும் பந்து இரண்டு முறை குதிக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். வீல்சேர் டென்னிஸில் விதியே அப்படித்தான்.

டபுள்ஸில் ஒன்றே ஒன்று. நடுவில் வரும் பந்துக்கு ‘எனக்கு’ என்று குரல் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தயங்குகிறார்கள். ‘நீங்க எடுங்கக்கா’ என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் சத்தமில்லாமல் பாய்ந்து தோளில் மோதிக்கொள்வார்கள். அதனால் எங்கள் கோர்ட்டில் புதிதாக வருபவருக்கு முதல் நாள் சர்வீஸ் சொல்லித்தருவதில்லை. நடுவில் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்போம், பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி ‘எனக்கு’ என்று அவர் கத்தும்வரை.