உரக்கடைக் கொப்பியிலிருந்து பிஸ்கால் வரை: நிலுவைப் பணத்தைக் குறைந்த செலவில் மீட்பது எப்படி?

நவம்பரில் உரமும் களைநாசினியும் கடனுக்குக் கொடுப்பீர்கள். மார்ச்சில் நெல் வெட்டியதும் தருவார் என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் போகம் வெள்ளத்தில் அடிபட்டுப் போனால், பாவம் என்று சிறுபோகம் வரைக்கும் பொறுப்பீர்கள். அதிலும் பாதிதான் வரும். அடுத்த பெரும்போகத்துக்குப் பிறகு மனம் வெறுத்துச் சட்டத்தரணியிடம் போனால், அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லுவார். வன்னியில் கடை நடத்துபவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். நீதிமன்றம் இழுத்தடிப்பதால் போகும் பணத்தைவிட, வழக்குக்கு முன்னாலேயே போய்விடும் பணம்தான் அதிகம்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும் என்று சொல்லும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. விற்றுக் கொடுத்த பொருள், கடைக் கணக்கு, செய்த வேலைக்கான கூலி ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரேயொரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். உரக்கடை, ஹாட்வெயார், கிரவல் லோட், மேசன் கூலி எல்லாம் இதற்குள்தான் வரும். எழுத்தில்லாமல் கைமாற்றாகக் கொடுத்த காசுக்கு 3 வருடம். கையெழுத்திட்ட எழுத்துமூல வாக்குறுதிக்கு 6 வருடம். ஒரே கடன்தான், ஒரு கையெழுத்து இருந்தால் ஆறு வருடம், இல்லாவிட்டால் ஒரு வருடம்.

"அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொன்னவர், ஆகவே அறுவடையிலிருந்துதான் ஒரு வருடம்" என்று நீங்கள் வாதிடலாம். அது எழுத்தில் இல்லையென்றால், பொருள் எடுத்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று எதிராளி சொல்லுவார். கொப்பியில் நீங்களே எழுதிய வரியும் தனியே நின்று கைகொடுக்காது. ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகம் சான்றாக ஏற்கப்படும். ஆனால் அது மட்டுமே ஒருவரைக் கடன்காரராக்கப் போதாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு சொல்கிறது. பொருளை ஏற்றிப்போன உழவு இயந்திரச் சாரதியின் கையெழுத்துள்ள விநியோகச் சீட்டோ, வாங்கியவர் கையெழுத்திட்ட பில்லின் பிரதியோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே செய்யவேண்டிய முதல் வேலை நீதிமன்றத்தில் இல்லை, கடை மேசையில் இருக்கிறது. போகம் முடிந்து நிலுவை நிற்கிறதென்றால், சண்டை வருவதற்கு முன்னரே, உறவு நல்லாய் இருக்கும்போதே இப்படி ஒரு கடதாசி வாங்குங்கள்:

"நான், (முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, கிராம அலுவலர் பிரிவு), வவுனியா நகரில் கடை நடத்தும் (உங்கள் பெயர்) என்பவரிடம் 2025 நவம்பர் 3 முதல் 2026 ஜனவரி 12 வரை வாங்கிய யூரியா, களைநாசினி, விதைநெல் ஆகியவற்றுக்காக இன்று ரூபா 340,000 (மூன்று இலட்சத்து நாற்பதாயிரம்) கொடுக்கவேண்டியுள்ளேன் என ஏற்றுக்கொள்கிறேன். இத்தொகையை 2026 ஏப்ரல் 30 ஆம் திகதி அல்லது அதற்கு முன் வவுனியாவிலுள்ள அவரது கடையில் செலுத்துவேன் என வாக்குறுதி அளிக்கிறேன்."

"கணக்கு சரி" என்று மட்டும் எழுதி வாங்குவது அரைகுறை. "செலுத்துவேன்" என்ற சொல்லும் தொகையும் திகதியும் இருந்தால்தான் அது வாக்குறுதி. பணம் செலுத்தும் இடத்தை எழுதுவதற்கும் காரணம் உண்டு. எதிராளி வசிக்கும் இடத்திலோ, ஒப்பந்தம் செய்த இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோ வழக்கு வைக்கலாம். கடனாளி முல்லைத்தீவில் இருந்தாலும், பணம் வவுனியாவில் செலுத்தவேண்டியது என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நீங்கள் ஒட்டுசுட்டான் தாண்டிப் பயணம் போகத் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைப்பது சட்டக் கட்டாயம் அல்ல. "நான் வைத்த கையெழுத்தில்லை" என்ற பேச்சு வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இடையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டினால் அதையும் திகதி போட்டு அவர் கையாலேயே எழுதி ஒப்பம் வாங்குங்கள். பகுதிக் கொடுப்பனவு கடனைக் காலம் கடக்காமல் காக்கும். ஆனால் கொடுத்ததற்கு உங்கள் எழுத்து மட்டுமே இருந்தால் அதையும் மறுப்பார்கள்.

காசாகக் கடன் கொடுத்துப் புரோநோட்டு வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1918 ஆம் ஆண்டின் காசுக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, உண்மையில் கைக்குக் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த தொகை, வட்டி வீதம் மூன்றும் நோட்டிலேயே தனித்தனியாக எழுதப்பட வேண்டும். வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துப் பிறகு நிரப்பும் பழக்கம் எங்கும் இருக்கிறது. எதிராளியின் சட்டத்தரணிக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

பிணையாளி நின்றால் அவரும் எழுத்தில் ஒப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சில் "நான் பொறுப்பு" என்ற பிணைக்கு நீதிமன்றத்தில் வலு இல்லை. கூட்டுவியாபாரமும் அப்படியே: முதல் 1,000 ரூபாவுக்கு மேலென்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இன்றைக்கு 1,000 ரூபா முதலுடன் யார் கூட்டுச் சேர்கிறார்கள்? எல்லாருக்கும் எழுத்து வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரில் வழக்கு வைக்கப் போகிறவர்கள், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கிறதா, உரிமையாளர் மாறியபோது அதுவும் மாற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பதிவு இல்லாத பெயரில் செய்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த முடியாமல் போகலாம். தகப்பன் பெயரில் இருக்கும் கடையை மகன் நடத்தி, மகன் பெயரில் வழக்கு வைத்து அடிபடுவது சாதாரணம்.

கோரிக்கைக் கடிதம்

திகதி தவறியதும் எழுத்தில் கேளுங்கள். என்ன பொருள், எந்த நாட்கள், எவ்வளவு தொகை, எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு, 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்பது போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். வியாபாரக் கடிதத்தில் கூறியது பொய்யானால் மறுத்துப் பதில் எழுதியிருப்பார், மறுக்கவில்லையே என்று வாதிட நம் நீதிமன்றங்களில் இடம் உண்டு. வசைச்சொல், மிரட்டல், ஊரில் அவமானப்படுத்துவேன் என்ற பேச்சு ஒன்றும் வேண்டாம். அந்தக் கடிதம் ஒருநாள் நீதிபதியின் மேசைக்கு வரும்.

பொலிஸுக்குப் போனால் வெருட்டி வாங்கித் தருவார்கள் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கடன் வசூலிப்பது பொலிஸின் வேலை அல்ல. அங்கே அலைந்த மாதங்களுக்கும் அந்த ஒரு வருடக் கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும்.

மத்தியஸ்த சபை

சிறிய தொகைகள் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை இது. 2016 திருத்தம் எல்லையை 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. எல்லை திருத்தங்களில் மாறக்கூடியது என்பதால், வழக்கு எழுதமுன் நீதிமன்றப் பதிவகத்தில் ஒருமுறை கேளுங்கள். எல்லைக்குள் வரும் தொகைக்கு, பேசியும் இணங்கவில்லை என்று சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தாக்கல் செய்தால் அது ஏற்கப்படாது. சபை எங்கே, எந்தக் கிழமை கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வார இறுதியில் பாடசாலையொன்றில் கூடுவதே வழக்கம்.

அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. ஆகவே செலவும் குறைவு. சபைப் பட்டியலிலிருந்து நீங்கள் ஒருவரையும் மற்றவர் ஒருவரையும் தெரிவு செய்வீர்கள். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்லர், பேசி இணங்க வைப்பவர்கள். இதைப் புரியாமல் "எனக்கு நியாயம் தரவில்லை" என்று கோபித்து எழுந்து வருபவர்கள் உண்டு. உங்களுக்கு அங்கே கிடைக்கக்கூடியவை இரண்டு: எதிராளியின் கையெழுத்தோடு ஒரு தவணைத் திட்டம், அல்லது நீதிமன்றத்துக்குத் தேவையான சான்றிதழ். அழைத்தும் அவர் வராவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும்.

இணங்கினால், பணம் வரும் மாதங்களைப் பார்த்துத் தவணை எழுதுங்கள். கமக்காரரிடம் மாதாமாதம் பத்தாயிரம் என்று எழுதினால் இரண்டாம் மாதமே தவறும். பெரும்போகம் முடிந்து 60 வீதம், சிறுபோகம் முடிந்து 40 வீதம் என்று எழுதினால் நிற்கும். மீனவத் தொழிலாளிக்குக் கடல் எப்போது கொடுக்கும் என்று அவரிடமே கேளுங்கள். இணக்கம் மீறப்பட்டால் சபைக்கு அறிவித்து மறுபடி அழைப்பிக்கலாம். அதிலும் சரிவராவிட்டால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

எல்லைக்குள் அடங்குவதற்காகக் கடனை இரண்டாகப் பிரிக்க வேண்டாம். ஒரே கொடுக்கல்வாங்கலில் விட்ட பகுதியைப் பிறகு தனி வழக்காகக் கேட்க முடியாது.

மாவட்ட நீதிமன்றத்தில் குறுக்கு வழி

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நான்கிலும் மாவட்ட நீதிமன்றம் உண்டு. சாதாரண நடைமுறையில் வழக்கு வைத்தால் மறுமொழி, முன்விசாரணை, விசாரணை என்று வருடக்கணக்கில் போகும். ஆனால் 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 53 ஆம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. 703 ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. காசோலை, புரோநோட்டு, குறித்த தொகைக்கான எழுத்து ஒப்பந்தம், எழுத்துப் பிணை ஆகியவற்றுக்கான சுருக்க நடைமுறை இது. மேலே எழுதச் சொன்ன கடதாசியின் முழுப் பெறுமதியும் இங்கேதான் தெரியும்.

வழக்குரையோடு, தொகை நியாயமாக வரவேண்டியதுதான் என்று சத்தியக்கடதாசி கொடுத்து, மூல ஆவணத்தையும் ஒப்படைப்பீர்கள். எதிராளி நேரே வந்து மறுமொழி போட முடியாது. எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு, குறித்த நாட்களுக்குள் தானும் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். உண்மையான எதிர்வாதம் தெரிந்தால் நீதிமன்றம் அனுமதி கொடுக்கும். சந்தேகமிருந்தால் பணத்தைக் கட்டு அல்லது பிணை வை என்று நிபந்தனை விதிக்கும். அவர் வராவிட்டால் உங்கள் பக்கம் தீர்ப்பாணை.

இந்தப் பாதை அடைபடுவது ஆவணத்தால்தான். தொகையை அழித்துத் திருத்தியிருந்தால், வேறு மையில் நிரப்பியிருந்தால், உரிய முத்திரை இல்லாவிட்டால், ஆவணம் சந்தேகத்துக்குரியதாகி வழக்கு நீண்ட பாதைக்குத் தள்ளப்படும். தவறாக எழுதினால் வெட்டித் திருத்தாமல் புதுக் கடதாசி எடுங்கள்.

முகவரியும் அடிக்கடி காலை வாரும். அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போகும். மீள்குடியேறியவரின் பழைய முகவரி, "ஏ9 வீதி, மாங்குளம்" என்ற மட்டில் எழுதிய முகவரி எல்லாம் திரும்பி வரும். ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு வழக்குத் தவணை போகும். கிராம அலுவலரிடம் விசாரித்து இப்போதைய வீட்டைச் சரியாக எழுதுங்கள். எதிராளி வராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணை வந்தாலும், அது அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள் காரணம் காட்டி நீக்கக் கேட்கலாம். அழைப்பாணை சரியாகச் சேரவில்லை என்பதே அவர் சொல்லும் முதல் காரணமாக இருக்கும்.

திரும்பிய காசோலைக்கு இன்னொரு கதவும் உண்டு. கணக்கில் பணமில்லை என்று தெரிந்து காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம். நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். வங்கி தந்த திரும்பல் சீட்டு இல்லாமல் எதுவும் நகராது. திகதியிலிருந்து 6 மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது என்பதையும் மறக்காதீர்கள். "பாதுகாப்புக்காகக் கொடுத்தேன்" என்பது வழமையான எதிர்வாதம். எதற்காகக் கொடுத்தது என்று பில்லில் எழுதி வாங்கினால் அது எடுபடாது. அதே சட்டத்தில் வங்கிகளுக்குள்ள விரைவு வசூல் நடைமுறை கடைக்காரருக்குக் கிடையாது.

கொழும்புக் கம்பனியின் முகவராக இருப்பவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். பிணக்கை நடுத்தீர்ப்புக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் தீர்ப்பதற்கு) விடுவதாக எழுதியிருந்தால், எதிர்ப்பக்கம் ஆட்சேபித்த மாத்திரத்தில் உங்கள் வழக்கு நின்றுவிடும். சில இலட்சங்களுக்காகக் கொழும்பில் நடுத்தீர்ப்பாளருக்குப் பணம் கட்டுவதைவிட, கையெழுத்திட முன்னரே அந்த வாசகத்தை எடுக்கச் சொல்வது மலிவு.

சட்டத்தரணியிடம் போகும்போது ஒரு தவணைக்கு எவ்வளவு என்றல்ல, முழு வழக்குக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வாட்ஸ்அப் செய்திகளை நம்பியிருந்தால் அதை முதல் நாளே சொல்லுங்கள், அந்தப் போனையும் விற்காதீர்கள். இலத்திரனியல் சான்றுக்கு முன்னறிவித்தல் தேவைப்படலாம். 1995 ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு விசாரணைத் திகதிக்கு முன் 45 நாள் கேட்கிறது.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பாணை தானாகப் பணத்தைக் கொண்டுவராது. 10 வருடத்துக்குள் எழுத்தாணைக்கு (தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் நீதிமன்ற ஆணைக்கு) விண்ணப்பித்து, அதை நிறைவேற்றும் நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் மூலம் சொத்தைக் கைப்பற்ற வேண்டும். எதைக் கைப்பற்றலாம் என்பதுதான் வன்னியில் சிக்கல். விவசாயியின் கமக்கருவிகள், அவருக்குத் தேவையான மாடு, விதைநெல், தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொட முடியாது. இங்கே வயல்களில் பெருந்தொகை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைத் தீர்ப்பாணைக்காகக் கைப்பற்றவோ விற்கவோ இயலாது. ஆகவே பெர்மிட்டை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்துக் கடன் கொடுப்பவர் கையில் இருப்பது வெறும் கடதாசி. உறுதிக் காணி, அவர் பெயரில் பதிவான வாகனம், வங்கிக் கணக்கு, கடைச் சரக்கு இவைதான் பலன் தரும்.

இதனால்தான் விசாரணைக்கு முன் இணக்கம் வந்தால் அதை நீதிமன்றப் பதிவில் ஏற்றி, "ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதற்கும் எழுத்தாணை" என்ற வாசகத்தோடு தீர்ப்பாணையாக்குவது, முழுத் தொகைக்கும் சண்டை பிடிப்பதைவிடப் பல நேரம் மேல். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

எழுத்தாணை கிடைத்தால், வாகன இலக்கம், அது இரவில் நிற்கும் வளவு, சரக்கு இருக்கும் களஞ்சியம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பிஸ்கால் உத்தியோகத்தரோடு இடத்தைக் காட்ட ஓர் ஆளையும், ஏற்றிவர ஒரு வாகனத்தையும் அனுப்புங்கள். காட்டிக்கொடுக்க ஆளில்லாமல் போனால், "சொத்து எதுவும் காணப்படவில்லை" என்ற அறிக்கையோடு அவர் திரும்பி வருவார்.