வேலையும் வீடும் இருக்க, பட்டப்படிப்பும் படிக்கலாம்

மகள் உயர்தரம் படிக்கும் வயதில் தாயும் படிக்கத் தொடங்கலாமா என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்பார்கள். தாராளமாகத் தொடங்கலாம். நான் மட்டக்களப்பு மண்டூரில் முன்பள்ளி ஆசிரியை. நாற்பது வயது தாண்டித்தான் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன்.

வழி இரண்டு. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வெளிவாரிப் பட்டம் உண்டு. அதற்கு உயர்தரச் சித்தி கேட்பார்கள். பெரும்பாலும் நீங்களாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நாவலையில் இருந்தாலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையம் இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்கள் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கிப் பட்டத்துக்குப் போகலாம். படிப்பை விட்டுப் பல வருடமானவர்களுக்கு இதுதான் நல்லது என்பேன். வருடம் முழுக்க ஒப்படை, அதாவது வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை, வந்துகொண்டே இருக்கும், புத்தகத்தை மூடி வைக்க விடாது.

விண்ணப்பம் கோருவதற்கு முன்பே ஆவணங்களை எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள். இடம்பெயர்வில், சுனாமியில் பெறுபேற்றுத் தாளைத் தொலைத்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி எடுக்கலாம். பெரிய தலையிடி பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பெறுபேற்றில் வேறோர் எழுத்து, கலியாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் கணவர் பெயர். எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

முதல் வருடம் பாடங்களைக் குறைத்து எடுங்கள். கட்டணமும் அதற்கேற்பக் குறையும்.

இனி ஒப்படை. தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க முடியாது. அதனால் திகதிகள் கிடைத்த அன்றே வீட்டுக் கலண்டரில் எழுதுங்கள். பக்கத்திலேயே வேளாண்மை வெட்டு, வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றையும் குறியுங்கள். எங்கே முட்டுகிறது என்று அப்போது தெரியும். முட்டும் ஒப்படையை முந்தியே தொடங்குங்கள். நான் விடியப்புறம் எழும்பி, அடுப்பு மூட்டுவதற்கு முதல் ஒரு பக்கமாவது எழுதிவிடுவேன். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

வகுப்பு நாள்களைத் தவறவிட வேண்டாம். தனியே படித்து விளங்காத இடம் அங்கேதான் விளங்கும், கூடப் படிப்பவர்களின் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் மாரி காலத்தை யோசிக்க வேண்டும். காற்றும் மழையும் கடுமையானால் மண்டூரிலிருந்து அக்கரையிலுள்ள குருமண்வெளிக்குப் போகும் பாதை, அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவை, ஓடாமல் போகலாம். முதல் நாளே ஆற்றைக் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கினால் காலையில் நிம்மதியாக பஸ் ஏறலாம்.

பணம் கட்டுவதற்கு முன் பிராந்திய நிலையத்துக்கு நேரில் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். நீங்கள் விரும்பும் பாடநெறி கடைசி வரை தமிழில் நடக்குமா? வகுப்பும் பரீட்சையும் மட்டக்களப்பிலேயே நடக்குமா, கொழும்புக்குப் போக வேண்டி வருமா? இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிய பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.