பழைய டிஃபெண்டரின் காற்று மூடிகளுக்குப் புது ஃபோம் ஒட்டுவது எப்படி?

மழையில் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரை ஓட்டும்போது கால் நனைகிறதா? முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்றை உள்ளே விட நெம்புகோலால் திறந்து மூடும் இரண்டு காற்று மூடிகளை முதலில் பாருங்கள். 2007 மாடலிலிருந்து இவை கிடையாது. அதற்கு முந்தைய வண்டிகளில் மூடியின் ஃபோம் நைந்துபோனால் தண்ணீர் உள்ளே இறங்கும். வண்டியின் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியம்தான். ஆனால் மூடிகள் உட்காரும், என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் இரும்பு. அது அரித்துவிட்டால் செலவு கையைக் கடிக்கும்.

கண்ணாடி ரப்பர் வழியாகவும் நீர் கசியலாம். அதனால் ஒரு சோதனை. மூடியின் விளிம்பில் காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஃபோம் போய்விட்டது.

வாங்கும்போது கவனம் தேவை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போல நீரை உறிஞ்சும் ஃபோம் வேண்டாம். நான் முதல் முறை அதைத்தான் ஒட்டினேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது ஈரம் சொட்டியது. அடியில் இரும்பு செதில் செதிலாக உரிந்து வந்தது. துளைகள் ஒன்றோடொன்று சேராத, நீர் ஏறாத ரப்பர் ஃபோமைக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஒரு துண்டை நீரில் அமுக்கிப் பிழிந்தால் தெரிந்துவிடும்.

முந்தின இரவே திருகுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் உள்ளே நெம்புகோல் இணைப்பைக் கழற்றிவிட்டு, கீல் திருகுகளை எடுத்தால் மூடி கையோடு வரும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் பாதி சுத்தம் செய்வதுதான். பழைய ஃபோமைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். காய்ந்த பசையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, எண்ணெய்ப் பசை போக ஆல்கஹாலால் மீண்டும் துடையுங்கள். துரு தெரிந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடும் மேல் பெயின்ட்டும் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் புது ஃபோம் துருவை மூடி மறைக்கத்தான் உதவும்.

இனி ஒட்டலாம். காண்டாக்ட் பசையை ஃபோம் பட்டையிலும் மூடியிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். பட்டையை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்த ரப்பர் பிறகு சுருங்கி, மூலையில் இடைவெளி விடும். இரு முனைகளும் சேரும் இடம் கீழ்விளிம்பில் இருக்கட்டும்.

ஒரு நாள் கழித்து மூடியை மாட்டுங்கள். நெம்புகோல் முரண்டு பிடித்தால் ஃபோமின் கனம் அதிகம். பலத்தைக் காட்டாமல் மெல்லிய பட்டைக்கு மாறுங்கள். ஃபோம் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க டால்கம் பவுடர் தூவலாம். பிறகு காகிதச் சோதனையைச் சுற்றிலும் செய்யுங்கள். கடைசியாக, குழாய்த் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஓடவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.