ஹோமை விட்டு வரும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில், அதாவது எங்கள் ஹோமில், ஐந்து பேருக்கு ஒரே பிறந்தநாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிக்கொடுத்த தேதி அது. அதனால் ஹோமை விட்டுப் போக வேண்டிய பதினெட்டு வயதும் ஐந்து பேருக்கும் ஒரே காலையில் முடிந்தது. ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, சான்றிதழ்கள் போட்ட பிளாஸ்டிக் கவர், புது பேன்ட் சட்டை. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் ஐந்து பேரும் ஐந்து திசையில் இருந்தோம்.

அது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் நானும் சிலரும் சேர்ந்து, பின்னால் வருகிற பிள்ளைகளுக்குச் சென்னையில் எங்களால் ஆன துணையாக இருந்து வருகிறோம். சக ஆதரவு என்று இதற்கு இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ‘சீனியர் பார்த்துக்கிறது’ என்போம். நல்ல மனதோடு செய்தே நாங்கள் சொதப்பிய இடங்கள் நிறைய. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் செய்கிற தவறு, மேடை போடுவது. ஹோமில் ஒரு விழா வைப்பார்கள். இன்ஜினியர் ஆன பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுப்பார்கள். “நானே வந்துட்டேன், உங்களால முடியாதா?” என்று அவர் கேட்பார். கைதட்டல். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடம் போன பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இது நமக்கான இடம் கிடையாது என்று முடிவு செய்துகொள்வான். நானும் அப்படி ஒருமுறை பேசினேன், நன்றாகவே பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி வந்ததும் ஒரு பையன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: “அண்ணா, ரூமைப் பூட்டிட்டு சாவியை எங்க வைப்பாங்க?”

சிரிக்க இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. பன்னிரண்டு வருடம் ஹோமில் இருந்தவன் கையில் ஒரு நாளும் சாவி இருந்ததில்லை. சாவிக்கொத்து வார்டனுடையது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அறையைத் திறந்துபோட்டுப் போய், முதல் வாரத்திலேயே போனைப் பறிகொடுத்தவர்கள் எங்களில் உண்டு.

வெளியே வந்தவனைத் திணறடிப்பது பெரும்பாலும் இந்த அளவுச் சின்ன விஷயங்கள்தான். அண்டாவில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாது. முப்பது பேர் படுக்கிற ஹாலில் தூங்கிப் பழகியவனுக்குத் தனி அறையில் தூக்கம் வராது. விளக்கைப் போட்டபடியே படுப்பான். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதால் முதல் மாதம் இலவசம் என்று நினைத்துக்கொள்வான். முகவரிச் சான்று இல்லாமல் கேஸ் கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் ஓட்டலில் சாப்பிடுவான். அடையாள அட்டை ஒன்று இருந்தாலே 5 கிலோ சின்ன சிலிண்டர் தருவார்கள். இதெல்லாம் நினைவில் இருப்பது வெளியே வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவனுக்குத்தான். அதனால் துணைக்கு ஆள் தேடும்போது ‘ஜெயித்தவர்’ யார் என்று பார்க்காதீர்கள். இன்னும் வாடகைக்குத் திண்டாடிக்கொண்டிருக்கிற ஒரு சீனியர் சாவியைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பான்.

இரண்டாவது தவறு அவன் கதையை நாம் சொல்வது. வீடு பார்க்கப் போனால் ஓனர் கேட்கும் முதல் கேள்வி, “அப்பா என்ன பண்றாரு?” அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் சென்னையில் அதைச் சொல்லி வீடு பிடித்தவரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு இடத்தில் எங்கள் ஆள் ஒருவர், “பாவம் சார், ஹோம்ல வளர்ந்த பையன், யாருமில்ல” என்று சொல்லிக் குறைந்த அட்வான்ஸில் அறை வாங்கிக்கொடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்தது. தண்ணீர் மோட்டார் பக்கத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் இவன் அறைக் கதவைத்தான் தட்டினார்கள். மூன்றாவது மாதம் காலி செய்துவிட்டான்.

இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. பதினெட்டு முடிந்துவிட்டால் அந்த மரியாதையும் முடிந்துவிடுமா என்ன? எங்கே வளர்ந்தேன் என்று யாரிடம், எப்போது சொல்வது என்பது அவன் விருப்பம். வாட்ஸ்ஆப் குரூப்பில் அரிசி மூட்டையோடு நிற்க வைத்து எடுக்கிற போட்டோவுக்கும் இது பொருந்தும். அந்தக் குரூப்பில் பழைய வார்டனைச் சேர்க்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இருக்கிற இடத்தில் எவனும் ‘வேலை போயிடுச்சு’ என்று எழுத மாட்டான்.

வெளியே வந்த பிறகு துணையைத் தொடங்குவது இன்னொரு தவறு. ஹோமை விட்டுப் போகிறவருக்கான திட்டத்தை இரண்டு மாதம் முன்பே தயார் செய்து இந்தப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக்குழுவிடம் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு மாதமும் போதாது. பதினாறு வயதிலேயே சீனியர் போய்ப் பழக வேண்டும், காகிதங்களைச் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். ஒரு தம்பியின் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் ஹோம் ஆபீஸ் போன் நம்பர்தான் இருந்தது. வெளியூரில் முதல் சம்பளம் கணக்கில் விழுந்தது, ஆனால் அவனால் தொட முடியவில்லை. ஓடிபி போய்ச் சேர்ந்தது ஐந்து மணிக்கே பூட்டிவிடும் ஒரு ஆபீசின் மேஜை டிராயருக்குள்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. கல்லூரி விண்ணப்பம் போடுகிற வாரத்தில் அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

இப்போது சொல்லப்போவது முழுக்க என் தவறு. பாலிடெக்னிக் படித்த ஒரு தம்பிக்கு நாங்கள் எட்டு பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டோம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை, அதில் எங்களுக்கு ஒரு பெருமை. ஹோமை விட்டு வந்தவர்களுக்கு அரசு தருகிற பிற்காப்பு உதவிக்கு மனு போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை, தேவை இருந்தால் இருபத்து மூன்று வரை நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்குகிற குழு வீடும் விதிகளில் இருக்கிறது. நாங்கள் விசாரிக்கப் போனபோது அவனுக்கு இருபத்தொன்று முடிந்திருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு நிதி உதவி ‘வழங்கலாம்’ என்றுதான் சொல்கிறது, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அதனால் கேட்காதவருக்குத் தானாக வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. மனுவோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவனுடன் போய் வரிசையில் நிற்பதுதான் சீனியரின் வேலை. அரசு செய்ய வேண்டியதை நம் பர்ஸ் செய்தால் அந்தக் கோப்பு திறக்கப்படுவதே இல்லை.

பணம் பற்றி இன்னும் ஒன்று. கடனாகக் கொடுக்காதீர்கள். முடிந்தால் ‘திருப்பித் தர வேண்டாம்’ என்று சொல்லியே கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். திருப்பித் தர முடியாதவன் முதலில் எடுக்காமல் விடுவது கடன் கொடுத்த அண்ணனின் போனைத்தான். இரண்டாயிரம் ரூபாயோடு ஒரு தம்பியையும் இழந்தவன் சொல்கிறேன்.

வார்டன் ஆகிவிடுவதும் எளிது. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுத்தவன் வெளியே வந்ததும் மத்தியானம் வரை தூங்குவான். ஆறு மாதத்தில் மூன்று வேலை மாறுவான். சீனியருக்குக் கோபம் வரும். “சாப்பிட்டியா, வேலைக்குப் போனியா, ஏன் போகல” என்று தினமும் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தால் அவனுக்கு மறுபடியும் ஹோம்தான். சும்மா டீ குடிக்கக் கூப்பிடுங்கள். வேலையைப் பற்றி அவனே சொல்லுவான்.

அதே நேரம் சீனியரையும் யாராவது பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு “செத்துடலாம்னு இருக்கு அண்ணா” என்று போன் வந்தால், அதைத் தனியாகச் சுமக்க இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் குரலில் தன் பழைய நாள்களும் திரும்பி வரும். மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண் போனில் இருக்கட்டும். அந்த இரவில் கூப்பிட இன்னொரு பெரியவரும் அவனுக்கு இருக்கட்டும். பஸ் செலவு, ரீசார்ஜ் செலவையாவது நடத்துகிறவர்கள் கொடுத்துவிடுங்கள். சேவை என்று சொல்லி ஏழையின் சட்டைப்பையிலேயே கையை விடக் கூடாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சட்டென்று ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு சீனியர் அக்காக்கள் தூது போகாமல் இருந்தாலே பெரிய உதவி. சொந்தக்காரர்களைத் தேடிப் போவதா வேண்டாமா என்பதிலும் தலையிடாதீர்கள். ஹோமில் இருப்பவர்கள் எல்லாரும் பெற்றோர் இல்லாதவர்கள் கிடையாது. பலருக்கு அம்மா இருக்கிறார், வளர்க்க வழியில்லாமல் விட்டவர். “போகாத, ஏமாந்துடுவ” என்று நான் ஒருத்தனிடம் சொன்னேன். அவன் போனான். இப்போது அம்மாவோடுதான் இருக்கிறான்.

கடைசியாக, கூட்டம் வைக்கிற நாள். நாங்கள் ரொம்ப நாள் இரண்டாவது சனிக்கிழமைதான் வைத்துக்கொண்டிருந்தோம், ஹால் இலவசம் என்பதால். பாதிப்பேர் வேலையில் இருப்பார்கள், வர மாட்டார்கள். அவர்களுக்கு ஆள் தேவைப்படுகிற நாள் வேறு. பொங்கலுக்குச் சென்னை காலியாகும். மெஸ் மூடிவிடும், அறைத்தோழன் ஊருக்குப் போய்விடுவான், “நீ எப்ப ஊருக்குக் கிளம்புற?” என்று கம்பெனியில் ஒரு வாரமாகக் கேட்டிருப்பார்கள். போன பொங்கலுக்கு என் அறைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பால் பொங்குகிற நேரத்தில் 5 கிலோ சிலிண்டர் தீர்ந்துபோனது. சாவி கேட்ட அந்தப் பையன்தான் எழுந்தான். நான்கு தெரு தள்ளி இருந்த தன் அறையைத் திறந்து, அவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தான்.