காசிமேட்டுக் காற்றில் புது பைக்: துருவைத் தேய்க்கும் முன் உப்பைக் கழுவுங்கள்

ஆயுத பூஜைக்கு வண்டி எடுத்தோம், தங்கச்சி வீட்டுக்காரருக்கு. வீடு வடசென்னை காசிமேட்டில், கடலில் இருந்து நாலு தெரு தள்ளி. தீபாவளி வருவதற்குள் சாரி கார்டில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஹேண்டில் பாரில் கட்டியிருந்த திருஷ்டிக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால், கயிறு சுற்றியிருந்த இடத்தில் மட்டும் மோதிரம் போட்ட மாதிரி ஒரு பழுப்பு வளையம். "ஒரு லட்சத்துக்கு மேல கொடுத்து எடுத்த வண்டி மச்சான், மாசம் கூட ஆகல" என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கே வயிறு எரிந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பக்கம் யார் வண்டி எடுத்தாலும் இதே கதைதான். அதனால் நான் செய்து பார்த்து சரியாக வந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கடையில் துரு எடுக்கும் மருந்து ஆயிரம் விற்கும், ஆனால் நம் ஊரில் பிரச்சினை துரு இல்லை, உப்பு. வீட்டில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசவென்று தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும், கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமாக நனையும். அலை உடையும்போது பறக்கிற உப்புத் துளி வண்டி மேல் படிகிறது, ராத்திரி அது ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பு மேல் மெல்லிய உப்புத் தண்ணீராக விடிய விடிய நிற்கிறது. மழையில் நனையாத வண்டியும் தினமும் நனைகிறது என்று அர்த்தம். கடலுக்கு முதல் சில நூறு மீட்டரில் இருக்கும் வீடுகளில்தான் இது மிக மோசம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும்.

காற்றில் வருவது மட்டும் இல்லை. மீன்பிடித் துறைமுகப் பக்கம் காலையில் போயிருந்தால் தெரியும், ஐஸ் போட்ட மீன் லோடு ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளில் இருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். அதன் மேல் நீங்கள் ஓட்டினால் அந்த உப்புத் தண்ணீர் நேராக உங்கள் வண்டியின் அடிவயிற்றில்தான் தெறிக்கும். சைடு ஸ்டாண்டு, டபுள் ஸ்டாண்டு, சைலன்சரின் அடிப்பக்கம், செயின் எல்லாம் முதலில் போவது இதனால்தான்.

சரி, வண்டி இன்னும் எடுக்கவில்லை என்றால் டெலிவரிக்கு முன்பே பாருங்கள். ஷோரூமுக்கு வருவதற்கு முன் வண்டிகள் திறந்தவெளி யார்டில் வெயிலிலும் மழையிலும் நிற்பது உண்டு. மாலை போட்டு, சாக்லேட் கொடுத்து, போட்டோ எடுக்கிற அவசரத்தில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நீங்கள் குனியுங்கள். போன் டார்ச்சை அடித்து சைலன்சர் பெண்ட் பைப் என்ஜினோடு சேரும் இடம், ஸ்டாண்டு வெல்டிங் மூட்டுகள், செயின், ஸ்போக்ஸ் வீலாக இருந்தால் கம்பி ரிம்மில் நுழையும் இடம், போல்டு தலைகள், சீட்டைத் தூக்கினால் உள்ளே இருக்கும் கிளிப்புகள், முன் ஃபோர்க்கின் பளபளப்பான தண்டு, இத்தனையையும் பாருங்கள். துரு இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். இல்லை அந்தப் பாகத்தை மாற்றித் தருவதாக டெலிவரி பேப்பரிலேயே எழுதி வாங்குங்கள்.

வண்டி எடுத்த பிறகு துரு பார்த்தீர்கள் என்றால் உடனே உப்புத்தாளைத் தூக்காதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள், கிலோமீட்டர் மீட்டரும் தெரிகிற மாதிரி ஒன்று. நீங்களே தேய்த்துவிட்டுப் போய்க் கேட்டால் கேஸ் பலவீனம். முதல் சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் "இந்த இடத்தில் துரு" என்று எழுத வையுங்கள், வாய் வார்த்தை வேண்டாம். எங்களுக்கு ஷோரூமில் "பீச் ஏரியா சார், அப்படித்தான் இருக்கும்" என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜாப் கார்டில் எழுதியதையும் போட்டோவையும் வைத்துக் கம்பெனிக்கு மெயில் போட்ட பிறகு சாரி கார்டை மாற்றித் தந்தார்கள். வாரண்டி புத்தகத்தில் துரு பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கட்டாயம் படியுங்கள், சிலவற்றில் இதை விலக்கியே வைத்திருப்பார்கள். அப்போதும் ஒரு மாதத்துக்குள் வந்த துரு என்றால் கேட்பதில் தவறே இல்லை, நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருவோம். எதைத் தொடுவதற்கு முன்னும் உப்பைக் கழுவ வேண்டும், அதுவும் உப்பு இல்லாத தண்ணீரில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும், அதில் வண்டி கழுவினால் உப்பை எடுத்து உப்பையே பூசுகிறோம். வாட்டர் வாஷ் கடையிலும் என்ன தண்ணீர் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் விடும் தண்ணீர், இரண்டு வாளி இருந்தால் ஒரு பைக்குக்குத் தாராளம். வீட்டில் ஏசி இருந்தால் அதில் இருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பே கிடையாது, கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது இல்லை. வண்டி சூடு ஆறிய பிறகு மேலிருந்து கீழாகத் தண்ணீரை விட்டு, வண்டி ஷாம்பூ போட்டு ஸ்பாஞ்சால் துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், அது மெழுகுப் பூச்சை எல்லாம் எடுத்துவிடும். அடிப்பக்கத்தைத்தான் அதிக நேரம் கழுவ வேண்டும், டேங்கை இல்லை. வீல் பேரிங், செயின், சுவிட்ச் பக்கம் பிரஷர் தண்ணீரை நேராக அடிக்காதீர்கள். முடித்ததும் துணியால் துடைத்து, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வாருங்கள், இடுக்கில் இருக்கிற ஈரமும் காயும்.

எண்ணூர், மணலி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சாம்பலும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் வண்டி மேல் படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் தட்டித் துடைக்காதீர்கள், பெயிண்டில் கீறல் விழும், கீறலில் உப்பு உட்காரும். தண்ணீர் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

குரோமியம் பூசிய பாகங்களில், அதாவது ஹேண்டில் பார், சாரி கார்டு, லெக் கார்டு போன்றவற்றில் பழுப்புப் புள்ளி என்றால் பயப்பட வேண்டாம். குரோமியம் துருப்பிடிப்பதில்லை, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாக உப்புத் தண்ணீர் அடியில் இருக்கும் இரும்பைத் தொட்டு, அந்தத் துரு மேலே எட்டிப் பார்க்கிறது. சமையல் அலுமினியம் ஃபாயிலை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மை என்பதால் கீறாது. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறக் கசடு ஒன்று வரும், அதோடு சேர்ந்து புள்ளியும் வரும். மாப்பிள்ளை வண்டியின் அந்தக் கயிற்று வளையத்தை இப்படித்தான் எடுத்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒளியில் சாய்த்துப் பார்த்தால் ஊசி முனை அளவுக்கு நாலைந்து குழி தெரியும், அவ்வளவுதான். துடைத்துக் காயவைத்து உடனே மெழுகு போடுங்கள். சும்மா விட்டால் அதே குழியில் அடுத்த வாரமே திரும்ப வரும்.

கறுப்பு பெயிண்ட் அடித்த இடங்கள், ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், வெல்டிங் மூட்டு, இங்கே துரு பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும். மேலே உப்பினாற்போல் இருக்கும் பெயிண்டை நகத்தால் கீறினால் அடியில் பழுப்புத் தூள் உதிரும். அங்கே தயங்கக் கூடாது, 400 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள், சுற்றிலும் நல்ல பெயிண்ட் தொடங்கும் விளிம்பு வரை. மறுபடியும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, குழிக்குள் மிச்சம் இருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்கள். பல கன்வெர்ட்டர்களில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், மிச்சத் துருவைக் கறுப்பாக, அசையாத பூச்சாக மாற்றும். கையுறை போடுங்கள், அலுமினியத்தில் படாமல் பாருங்கள். அப்புறம் பிரைமர், அதன் மேல் மெல்லிசாக இரண்டு கை பெயிண்ட். காலை பத்து மணிவாக்கில், பனி ஈரம் போன பிறகு, மதியம் கடல் காற்று இறங்குவதற்கு முன் அடித்து முடித்துவிடுங்கள். சாயங்காலம் அடித்தால் ஈரத்தையும் உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டியது போல் ஆகும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் துருவில் ஊற்றச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் ஆவியே பக்கத்தில் இருக்கும் நல்ல இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும்.

என்ஜின் கேஸ், அலாய் வீல் இவற்றில் வெள்ளையாகத் தூள் பூத்தாற்போல் வந்தால் அது அலுமினியம் அரிப்பது. மென்மையான நைலான் பிரஷ், ஷாம்பூ, அதன் பிறகு மெட்டல் பாலிஷ், மெழுகு. இரும்பு போல்டு அலுமினியத்துக்குள் போகும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும், ரெண்டு வருடம் கழித்து போல்டு கழலாது. கண்ணாடி, நம்பர் பிளேட், லெக் கார்டு போல்டுகளைக் கழற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். என்ஜின் போல்டில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

முன் ஃபோர்க்கின் பளபளப்புத் தண்டில் புள்ளி இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தத் தண்டு ஆயில் சீல் வழியாக மேலும் கீழும் போகிறது, நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு குழி இருந்தாலே சீலைக் கிழித்துவிடும், ஆயில் ஒழுகும். புது வண்டி என்றால் நீங்கள் தேய்க்காமல் நேராக வாரண்டிக்குப் போங்கள்.

பிரேக் டிஸ்கில் மழைக்கு மறுநாள் காலையில் வரும் செம்பழுப்பு நிறம் ஒன்றுமில்லை, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதில் எண்ணெய், மெழுகு, ஸ்ப்ரே எதுவும் படக் கூடாது, உயிர் விஷயம்.

செயினுக்கு மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்ட்டும் பழைய டூத்பிரஷும் போதும். என்ஜினை அணைத்து, டபுள் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும், கியரில் ஓடவிட்டுத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. காய்ந்ததும் செயின் லூப் அல்லது 90 நம்பர் கியர் ஆயில். நம் பக்கத்துக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. முழு செயின் கவர் இருக்கும் வண்டிகளில் உள்ளே துரு பிடிப்பது தெரியாது, கவரில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்துப் பாருங்கள். ஏதாவது கண்ணி மடங்காமல் விறைத்து நின்றால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

சைலன்சர் உள்ளிருந்தும் அரிக்கும். பெட்ரோல் எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது, வீட்டுக்கும் வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் சைலன்சர் முழுதாகச் சூடாகாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கும். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் தொடர்ச்சியாக ஓட்டுங்கள், அடியில் தண்ணீர் வெளியேறும் சின்ன ஓட்டை இருந்தால் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். அதனால் வண்டியை நாள்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், காலியிடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் ஈரமும் குறையும். பேட்டரி முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்தால் மைனஸைக் கழற்றிவிட்டு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

ஷோரூமில் ஆன்டி ரஸ்ட் கோட்டிங் என்று காசு கேட்பார்கள். நல்ல பொருளாக, கழுவிக் காய்ந்த வண்டியில், கண்முன்னால் அடித்தால் உபயோகம்தான். ஆனால் அழுக்கு மேலேயே அடித்தால் உப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதை. டீசல், பழைய என்ஜின் ஆயில் அடிப்பது ரப்பரைக் கெடுக்கும், புழுதியை ஒட்டவைக்கும். நான் பெயிண்டுக்கும் குரோமியத்துக்கும் கார் மெழுகு, அடிப்பக்கத்துக்கு மெழுகு வகை ஸ்ப்ரே, இவ்வளவுதான் போடுகிறேன்.

கவர் போடுகிறவர்கள் கவனியுங்கள். காற்று புகாத ரெக்சின் கவரை ஈரமான வண்டி மேல் போட்டால் இட்லிப் பானை மூடி மாதிரி உள்ளேயே ஆவி சுற்றும். துணிக் கவர் வாங்குங்கள், காய்ந்த வண்டிக்கு மட்டும் போடுங்கள். தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால் கடலுக்கு மறைவாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கயிறு கட்டாமல் இருக்கத் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை, அவள் நம்பிக்கை அது. அதனால் இப்போது நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கில் கட்டுகிறோம். அமாவாசைக்கு அமாவாசை கயிறு மாற்றும்போது மாப்பிள்ளை இரண்டு வாளி மெட்ரோ தண்ணீர் எடுத்துவந்து அடிப்பக்கத்தைக் கழுவி, காயவைத்து, மெழுகும் போட்டுவிடுகிறார்.