இன்ட்ரஸ்டிங்கா, இன்ட்ரஸ்டடா? ஒரே அர்த்தம் போலத் தெரியும் இங்கிலீஷ் வார்த்தைகளில் சரியானதைப் பிடிப்பது எப்படி

வேலைக்கு அனுப்பவிருந்த மெயிலில் எங்கள் செல்லூர்த் தம்பி ஒருவன் "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்" என்று எழுதியிருந்தான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் காட்டினான். "ஆர்வமா இருக்கேன்னுதானே அண்ணே எழுதியிருக்கேன்" என்றான். ஆனால் படிப்பவருக்கு 'நான் ரொம்ப சுவாரசியமான ஆள்' என்றுதான் போய்ச் சேரும். வேலையில் கெட்டிக்காரப் பையன், இந்த ஒரு வரியால் அவனைத் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாதே என்றுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 'எனக்கு போரடிக்கிறது', 'அம்மாவுக்குக் குழப்பமாக இருக்கிறது' என்கிறோம் இல்லையா, அந்த 'க்கு' யாருக்கு விழுகிறதோ அவருக்கு 'எட்' போடுங்கள்: ஐ ஆம் போர்ட், அம்மா இஸ் கன்ஃப்யூஸ்ட். அந்த உணர்வை உண்டாக்கும் பாடம், படம், வெயில் எல்லாம் 'இங்': போரிங், கன்ஃப்யூசிங், டயரிங். ஆளுக்கு 'இங்' வரவே வராது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரியில்லை. மணிக்கணக்கில் பேசி மற்றவர்களை அறுக்கிறவர் போரிங்தான், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாம் போர்ட்.

அப்புறம் டால், ஹை. இரண்டுக்கும் நாம் 'உயரமான' என்று ஒரே வார்த்தையை மனப்பாடம் செய்துவிட்டோம், சிக்கலே அங்கேதான். ஆள், மரம், தூண், கோபுரம் என்று அகலத்தைவிட உயரம் கூடி நெடுநெடுவென்று நிற்பது டால். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, அது டால். யானைமலை படுத்த யானை மாதிரி நீண்டு கிடக்கிறது, அதற்கு ஹை. தரையிலிருந்து எட்டாத தூரத்தில் மேலே இருப்பதும் ஹைதான், அதனால் 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மஹாலில் தூண்கள் டால், அவை தாங்கும் கூரை ஹை. விலை, சம்பளம், காய்ச்சல் எதற்கும் டால் வராது. ஒரு ஆளைப் பார்த்து மட்டும் "ஹி இஸ் ஹை" என்று சொல்லிவிடாதீர்கள், போதையில் இருக்கிறார் என்று அர்த்தமாகிவிடும்.

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல் இரண்டும் இன்னும் நெருக்கம். 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில்தான் காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த முடிவு வரலாற்றில் நிலைத்துவிட்டது, ஆகவே ஹிஸ்டாரிக். தமுக்கம் பக்கத்தில் காந்தி மியூசியத்தில் பார்க்கும் பழைய படங்கள், ஆவணங்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்பவை, ஹிஸ்டாரிக்கல். 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் ஹிஸ்டாரிக். வெறும் 'வரலாற்று' போதுமென்றால் ஹிஸ்டாரிக்கல். வரலாற்று நாவல் ஹிஸ்டாரிக்கல் நாவல்தான், எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும்.

எகனாமிக், எகனாமிக்கலுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. நாட்டின் பொருளாதாரம் பற்றியது எகனாமிக், லிட்டருக்கு நல்ல மைலேஜ் கொடுக்கும் பைக் எகனாமிக்கல்.

சென்சிபிள், சென்சிடிவ்தான் அதிகம் காலை வாரும், இரண்டிலும் 'சென்ஸ்' இருப்பதால். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகும்போது பருத்திச் சட்டையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புகிறவர் சென்சிபிள், விவரமானவர். அதே வெயில் பட்டதும் தடித்துச் சிவக்கும் தோல் சென்சிடிவ். ஒரு சொல் சொன்னால் சுருக்கென்று தைத்துக்கொள்கிற ஆளும் சென்சிடிவ்தான்.

டிக்‌ஷனரியில் பார்க்கும்போது தமிழ் அர்த்தத்தோடு மூடிவிடாதீர்கள், கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் வருகிறது என்று பாருங்கள். நோட்டில் எழுதும்போதும் ஜோடியாகவே எழுதுங்கள்: எகனாமிக் பாலிசி, எகனாமிக்கல் பைக், டால் ட்ரீ, ஹை வால். அந்தத் தம்பிக்கும் முதல் பக்கத்தில் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: இன்ட்ரஸ்டிங் ஜாப், இன்ட்ரஸ்டட் இன் தி ஜாப்.