ஆயுத பூஜைக்கு முன் கம்ப்யூட்டரைத் துடைப்பது எப்படி?

ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவுகிறோம், அரிவாள்மனையைத் தேய்க்கிறோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் அவசரமாக ஒரு ஈரத்துணி, மேலே ஒரு பொட்டு, அவ்வளவுதான். அந்த ஈரத்துணி கடைசியில் வர வேண்டியது. தூசியின் மேல் ஈரம் பட்டால் அது சேறாகி இடுக்குகளில் போய் அப்பிக்கொள்ளும். முதலில் உலர்ந்த வேலை, பிறகுதான் ஈர வேலை. நாம் துடைக்கப் போவது வெளிப்பக்கம் மட்டும். கேபினெட்டை, அதாவது கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: பெயின்ட் அடிக்கும் ஒரு இஞ்ச் பிரஷ் (புதியது), பழைய டூத்பிரஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, காது பட்ஸ், பல்குச்சி, மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் திரையில் உப்புக்கறை நிற்கும். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுக்கும்.

1. கரன்ட்டை நிறுத்துங்கள்

ஸ்லீப்பில் போட்டால் போதாது, ஷட் டவுன் செய்யுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் இறங்கிவிடும். வயர்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி மாட்டும்போது அதன் அருமை தெரியும்.

2. கேபினெட்

பால்கனிக்குத் தூக்கிப் போய்விடுங்கள். மேலிருந்து கீழாக பிரஷால் தட்டுங்கள். காற்றுத் துளைகளில் தூசியை உள்ளே தள்ளாமல் வெளியே இழுத்து எடுக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், தூசியோடு எச்சிலும் உள்ளே போகும். புளோயர் வைத்திருப்பவர்கள் ஃபேன் இறக்கையைப் பல்குச்சியால் தடுத்துக்கொண்டு அடியுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

பல கேபினெட்களில் அடியில், பவர் சப்ளைக்குக் கீழே, உருவி எடுக்கிற மாதிரி ஒரு வலை இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். குழாயில் கழுவி, நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். யூஎஸ்பி துளைகளுக்கு உலர்ந்த பிரஷ் மட்டும். ஊசி, ஹேர்பின் பக்கமே போக வேண்டாம்.

3. கீபோர்டு

இதற்குத்தான் நேரம் பிடிக்கும். செய்தித்தாளை விரித்து, கீபோர்டைக் கவிழ்த்து, முதுகில் தட்டுங்கள். முறுக்குத் தூள், முடி, நகத்துண்டு, சில வீடுகளில் செத்த எறும்பு எல்லாம் விழும். பிறகு பிரஷைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஓட்டி, திரும்பவும் கவிழ்த்துத் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் விழுவது நின்றுவிடும்.

அதன் பிறகு ஆல்கஹால். பட்ஸை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கட்டைகளின் பக்கவாட்டில் துடையுங்கள். மேல்பக்கத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் எழுத்து வெறும் மை அச்சு, ஏ-யும் எஸ்ஸும்தான் முதலில் காணாமல் போகும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். கட்டைகளைப் பிடுங்கிக் கழுவும் ஆசை முதல் முறை வேண்டாம். ஸ்பேஸ் பாருக்கு அடியில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், அதைத் திரும்ப மாட்டுவதற்குள் பூஜை நேரம் தாண்டிவிடும்.

4. மவுஸ்

திருப்பிப் பாருங்கள். வழுக்கிப் போக ஒட்டியிருக்கும் பட்டைகளைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருக்கும். கை அழுக்கும் மேசைத் தூசியும் சேர்ந்து இறுகியது அது. பல்குச்சியால் நெம்பினால் சுருள் சுருளாக வரும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். சென்சார் துளைக்கு உலர்ந்த பட்ஸ் ஒரு சுற்று போதும். துணி மவுஸ் பேடை ஷாம்பு போட்டு அலசிக் காயப்போடுங்கள்.

5. மானிட்டர்

சூடு ஆறிய பிறகு தொடுங்கள். அணைந்த கறுப்புத் திரையில் தூசி நன்றாகத் தெரியும். உலர்ந்த மைக்ரோஃபைபரால் தூசியை எடுத்த பிறகு, துணியின் ஒரு மூலையை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து மெதுவாகத் துடையுங்கள். திரைமேல் நேராகத் தெளித்தால் நீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், பேனல் போய்விடும். டிஷ்யூ, கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் இரண்டும் ஆகாது. திரையின் மேல்பூச்சு கெடும்.

6. பொட்டு

ஒரு வருடம் எங்கள் வீட்டில் பவர் பட்டன் மேலேயே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார்கள். விஜயதசமியன்று காலையில் அழுத்தினால் கம்ப்யூட்டர் எழும், நாலைந்து வினாடியில் அணையும். திரும்ப எழுப்பினாலும் அதே கதை. காய்ந்த சந்தனத்தால் பட்டன் அழுந்தியபடியே நின்றிருக்கிறது. விடாமல் அழுத்திப் பிடித்தால் அணைவதுதானே அதன் குணம்! பட்ஸும் ஆல்கஹாலும் வைத்து அரை மணி நேரம் நோண்டினேன்.

ஆகவே சந்தனம் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டில், துளை இல்லாத இடத்தில். மானிட்டருக்கு என்றால் பின்பக்கம். விபூதி தூவ வேண்டாம், ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்த்து, போட்டோவைப் பார்த்து வயர்களை மாட்டி, பிளக்கைச் சொருகுங்கள்.